முதலில் உள்ளே போன தோட்டா

தம்பி,

நீ போனை எடுக்கவில்லை. எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் தினமும் அடிக்கிறேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது, பிறகு அந்தக் கம்பெனிக்காரப் பெண் குரல் மலாயில் வந்து நீ இல்லை என்கிறது. அவளிடமாவது இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைக்கலாமா என்று தோன்றுகிற அளவுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கம்மா ஞாயிற்றுக்கிழமை குளுவாங் முகாமுக்கு வந்து இதை உன் கையில் கொடுப்பாள். உறையை ஒட்டவில்லை. நீ படித்த பிறகு உன் அறையில் இருக்கிற மற்ற பிள்ளைகளும் கேட்டால், சொல்லு, பரவாயில்லை. பயந்து சாகிற அப்பன் உனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறான் என்று நினைக்காதே. அவர்கள் வீட்டிலும் ஒருவன் இருப்பான், வாயைத் திறந்திருக்க மாட்டான், அவ்வளவுதான்.

உன் கோபம் நியாயமானது. வெளிநாட்டுக்குப் போகிற அமைதிப் படையில் உன் பெயர் வந்து, கவச வண்டியில் துப்பாக்கி இருக்கைக்கு உன்னைத் தேர்ந்தெடுத்து, நீயும் அதற்காக மாதக் கணக்கில் பயிற்சி எடுத்து முடித்த நேரத்தில், உன் பெயரை எடுக்க வைத்தவன் நான். அம்மாவுக்கு இருதய நோய் என்று பொய் சொல்லி எடுக்க வைத்தேன். ஏன் செய்தேன் என்று அன்றைக்குக் கேட் பக்கத்தில் நின்று நீ கேட்டபோது எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். பொறுமையாகப் படி. உன் அப்பனுக்குச் சுருக்கமாகப் பேசத் தெரியாது, அது உனக்கே தெரியும்.

இது ஆரம்பித்தது முகாமில் குடும்பங்களை அழைத்த அந்த நாளில். வெயில் மண்டையைப் பிளந்தது, உங்கம்மா குடையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். நீ அந்த வண்டியின் மேல் ஏறி நின்று, புது மோட்டார் சைக்கிள் வாங்கியவன் மாதிரி காட்டிக்கொண்டிருந்தாய். "அப்பா, இங்க பாருங்க. இந்தப் பக்கம் ஒரு சரம், அந்தப் பக்கம் ஒரு சரம். ரெண்டும் வேற வேற தோட்டா. ஒண்ணு இரும்ப துளைச்சிகிட்டு போவும். இன்னொண்ணு விழுந்த எடத்துல வெடிச்சி செதறும். எதிர்ல வர்றது என்னான்னு பாத்து சுவிட்ச தட்டுனா போதும், துப்பாக்கி பக்கம் மாறிக்கும். நிறுத்தி, கழட்டி, மாத்திகிட்டு இருக்க வேணாம்" என்றாய். "ஒரே துப்பாக்கிக்கு ரெண்டு வாயாடா?" என்று உங்கம்மா கேட்டாள். "வாய் ஒண்ணுதாம்மா. ஊட்டுற கைதான் ரெண்டு" என்று சொல்லி நீ சிரித்தாய். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு நீ சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "ஆனா ஒரு விஷயம்ப்பா. எங்க துப்பாக்கியில சுவிட்ச மாத்துன ஒடனே புது தோட்டா வராது. ஏற்கெனவே ஒண்ணு உள்ள போயி உக்காந்துருக்குல்ல, அது போயித்தான் ஆவணும். அது போனப்பறம்தான் புதுசு. அதனால எங்க சார்ஜன் என்னா சொல்லுவாரு தெரியுமா? சுவிட்சு எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லாத, உள்ள என்னா இருக்குன்னு சொல்லு. சத்தமா சொல்லணும். சொல்லாம மாத்துனா மண்டையிலயே ஒண்ணு போடுவாரு." அந்தப் பயிற்சியில் நீதான் ஒருமுறை கூடத் தப்பாகச் சொல்லாதவன் என்று பக்கத்தில் நின்ற ஃபாரிஸ் மலாயில் சொன்னான். லாயாங் லாயாங் ஊர்ப் பையன், உன்னோடு படையில் சேர்ந்தவன், உன் வண்டிக்கு ஓட்டுநர். தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வந்து முறுக்கு டின்னைப் பாதி காலி செய்தவன். அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

எனக்கு அது புரியாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆயுசில் பாதியை எண்ணெய் டாங்கி லோரியில் கழித்தவனுக்கு எப்படிப் புரியாமல் போகும்? பாசிர் கூடாங்கில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு யோங் பெங், குளுவாங் என்று இறக்கிக்கொண்டு போவேன். ஒரே குழாயில் பெட்ரோல் இறக்கிய பிறகு டீசல் இறக்க வேண்டுமென்றால் வால்வை மாற்றினால் மட்டும் போதாது. குழாயின் வயிற்றில் பழைய பெட்ரோல் நின்றுகொண்டிருக்கும், அதை முதலில் வடித்தாக வேண்டும். புதிதாக வருகிற டிரைவர் எல்லாரும் வால்வைத்தான் பார்ப்பான், குழாயை மறந்துவிடுவான். புதியவன் மட்டும் என்ன, எங்களில் மூத்தவரான நல்லப்பன் அண்ணனே ஒருநாள் யோங் பெங்கில் மனைவியோடு போனில் சண்டை போட்டுக்கொண்டே மறந்துவிட்டார். டீசல் தொட்டியில் பெட்ரோல் கலந்து, அன்றைக்கு முழுக்க நிலையத்தை மூடிப்போட்டு, தொட்டியைக் காலி செய்து கழுவினோம். அவர் ஓர் ஓரமாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டு "எனக்கு தெரியும்லா, எனக்கு தெரியும்லா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தெரியும்தான். யாருக்குத் தெரியாது? தெரிந்தவனுக்குத்தான் அந்த ஒரு நிமிடம் வருகிறது. எண்ணெய்த் தொட்டியைக் கழுவிவிடலாம், தம்பி. நீ சொன்ன அந்தத் துப்பாக்கியில் தப்பு நடந்தால் எதைக் கொண்டு கழுவுவது?

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குத் தெரியாத ஒரு நாட்டின் ரோடு கண்ணில் வந்துகொண்டே இருக்கும். எதிரே ஒரு வண்டி வரும். அது நிற்காது. நீ ஒரு தோட்டாவை நினைத்துச் சுவிட்சைத் தட்டுவாய், உள்ளே இருப்பது வேறு. அது போய் விழுகிற இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் யாரோ நிற்கிறார்கள். சில சமயம் உன்னை யாரோ முந்திக்கொண்டு சுட்டுவிடுவார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உங்கம்மா சொல்லுவாள். அவள் இப்படிச் சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடுவாள், நான் உட்கார்ந்து பேயைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உண்மையைச் சொல்கிறேன், நீ அடிபடுவாய் என்பது பாதிப் பயம்தான். மீதிப் பாதி, நீ அடித்துவிடுவாய் என்பது. உனக்கு லைசென்ஸ் கிடைத்த புதிதில் என் காரைப் பின்னால் எடுத்தபோது பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரின் பூனை மேல் ஏற்றிவிட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? யாரும் பார்க்கவில்லை. நான்கூட "வுடுடா, பூனைதானே, நான் எடுத்துப் போட்டுடறேன்" என்றேன். நீ கேட்கவில்லை. அதை உன் சட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு எத்தனை நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை, காரைத் தொடவில்லை! பூனைக்கே அப்படி இருந்த பிள்ளை ஒரு மனிதனுக்கு எப்படி இருப்பான்? உடம்பு முழுசாகத் திரும்பி வந்து, உள்ளே ஒன்றுமில்லாதவனாக நீ அந்தச் சோபாவில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

அந்தப் பயத்தில்தான் சிபாரிசுக்குக் கேபிள் தேடிப் போனேன். இந்த நாட்டில் ஒரு காரியம் ஆகவேண்டும் என்றால் மேலிடத்தில் தெரிந்தவன் வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியவன் நான். தெப்ராவில் நம் கோவில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடுகிற கட்சிக் கிளைத் தலைவரைப் பிடித்தேன். அவர் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே, "அண்ணே, பயமா இருக்குன்னு போயி சொன்னா எவன் கேப்பான்? வீட்டுல யாருக்காச்சும் ஒடம்பு முடியலன்னு சொல்லுங்க லா. நான் ஒரு போன் போட்டு வைக்கிறேன்" என்றார். அலமாக், காரியம் இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். உன் மேஜருக்கு எதிரே போய் உட்கார்ந்து, மனைவிக்கு இருதயம் என்று ஆரம்பித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய்க்காக அழவில்லை, தம்பி. பயத்தில் அழுதேன். அவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. டாக்டர் கடிதத்தைப் பிறகு கொண்டு வாருங்கள் என்று சொல்லி, என் தோளைத் தட்டி அனுப்பினார். அந்த மனுஷன் தோளைத் தட்டியது இன்னும் உறுத்துகிறது.

பிறகு நீ வந்தாய். அம்மா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டு பாட்டுப் பாடுவதைக் கேட்டதுமே உனக்குப் புரிந்துவிட்டது. அவள் காதில் விழக்கூடாது என்று என்னைக் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், குரலை ஏற்றாமல் கேட்டாயே, "ஏம்ப்பா இப்படி பண்ணீங்க?" என்று. சத்தியமாகச் சொல்கிறேன், நீ வருகிறாய் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் தயாராக இருந்தேன். பாத்ரூமில் சொல்லிப் பார்த்துக்கூட வைத்திருந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் ஏற்கெனவே உள்ளே ஏறியிருந்ததுதான் முதலில் வந்து விழுந்தது. "போயி சாவணும்னு ஒனக்கு அவ்ளோ ஆசையா?" என்றேன். நீ உள்ளே போய் அம்மாவிடம் அவசர வேலை என்று சொல்லிவிட்டு, அவள் வைத்த மீன் குழம்பைத் தொடாமல் போய்விட்டாய். அவளிடமும் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, முகாமிலும் காட்டிக்கொடுக்கவில்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். போன வாரம் ஃபாரிஸின் அம்மா, நீ மக்சிக் என்று கூப்பிடுவாயே, அவர் நம் வீட்டுக்கு வந்தார். லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காலையில் நாசி லெமாக் விற்பவர், அன்றைக்குக் கடையை மூடிவிட்டு யாருடைய காரிலோ வந்து இறங்கினார். கையில் ஒரு பெரிய தூக்கு. அதில் விரால் மீன் சூப். அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் நோயில் கிடந்தவர்களுக்கும் உடம்பு தேறுவதற்கு இங்கே மலாய்க்காரர்களும் நாமும் கொடுப்போமே, அதே சூப்தான். உங்கம்மாவுக்காக வைத்துக் கொண்டுவந்திருந்தார். சரியாக அதே நேரத்தில் உன் இருதய நோயாளித் தாய் பத்துக் கிலோ அரிசி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடையிலிருந்து வந்து நின்றாள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தவன் எழுந்தபடியே நின்றேன். மக்சிக் பதறிப்போய் ஓடி அரிசியை வாங்கிக் கீழே வைத்தார். "அக்கா, இருதயத்தை வைத்துக்கொண்டு இதையெல்லாம் தூக்கலாமா?" என்று மலாயில் கடிந்துகொண்டார். உங்கம்மா அவரைப் பார்த்தாள், தூக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் முகம் எப்படி இருக்கும்? "இப்போது பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரை உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

மக்சிக் போவதற்கு முன்னால் சொன்னதுதான் என்னைக் கொன்றது. உன் இடத்துக்கு ஃபாரிஸைப் போட்டிருக்கிறார்களாம். வண்டி ஓட்டுகிற பிள்ளையைச் சுடுகிற இருக்கையில் உட்கார வைத்துவிட்டார்கள், பயிற்சிக்கு நாளும் இல்லை என்றார். வீட்டுக்கு லீவில் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து இடது, வலது என்று கையை ஆட்டிக்கொண்டே சொல்லிப் பார்க்கிறானாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை அடிக்கடி தப்பாகச் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறானாம். "உங்கள் மகன்தான் அவனுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருகிறான். யுகேன் பாவம், போக முடியவில்லையே என்ற வருத்தத்தை ஒருநாளும் என் மகனிடம் காட்டியதில்லை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்களும் உங்கள் சாமியிடம் அவனுக்காகச் சொல்லுங்கள்" என்று உங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். என்னைப் பார்த்தும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். என்ன பாவி நான்!

கார் போனதும் உங்கம்மா சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டு ஒருவழியாக முடிந்திருக்கும். அவள் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "எம் புள்ளைய எறக்கிட்டு அந்தம்மா புள்ளைய ஏத்தி வுட்டுருக்கீங்க. அதுவும் என் நெஞ்சுல நோவுன்னு சொல்லி. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? இப்பதான் எனக்கு நெசமாவே நோவுது" என்றாள். பிறகு, "அந்த சூப்ப நீங்களே குடிங்க. எனக்கு எறங்காது" என்றாள். எனக்கும் இறங்கவில்லை. கொட்டவும் மனம் வராமல் அது அப்படியே குளிர்பெட்டியில் இருந்தது.

எனக்கு அன்றைக்குத்தான் கணக்குப் புரிந்தது. நான் பயந்தது எதற்கு? உள்ளே இருப்பதை மறந்துவிட்டுச் சுவிட்சைத் தட்டுகிற ஒருவனுக்கு. நான் செய்தது என்ன? மறக்காத ஒருவனை இறக்கிவிட்டு, இன்னும் தடுமாறுகிற ஒருவனை அதே இடத்தில் உட்கார வைத்திருக்கிறேன். என் கண்ணில் வந்த அந்த ரோடு, அந்த வண்டி, அந்தத் தெரியாத மனிதர்கள், எல்லாம் அப்படியே இருக்கிறார்கள். என் மகன் மட்டும் படத்தில் இல்லை. அது போதும் என்றுதானே நினைத்தேன்? அந்தப் பிள்ளையின் தாய் வந்து நம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அது போதவில்லை.

மறுநாள் உங்கம்மாவும் நானும் முகாமுக்குப் போனோம். நீ அன்றைக்குச் சுடுதளத்தில் இருந்தாய் என்றார்கள், அதுவும் நல்லதாய்ப் போயிற்று. மேஜருக்கு முன்னால் உங்கம்மா நேராக உட்கார்ந்து, "எனக்கு ஒன்றுமில்லை துவான், நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். கேபிள், பொய், அழுகை, சூப் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. நோய் எதுவும் இல்லை, பயம் மட்டும்தான், நான் ஒரு கோழை என்றேன். அவர் வாங்கு வாங்கென்று வாங்கினார். இது பசார் மாலாம் இரவுச் சந்தை இல்லை, வந்து பேரம் பேசிவிட்டுப் போக, என்றார். என்மேல் வழக்கே போடலாம் என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கடைசியில், "அப்படியென்றால் உங்கள் மகன் போகட்டும் என்கிறீர்களா?" என்று கேட்டார்.

தம்பி, உங்கம்மா எனக்காகச் சொல்லிவிடுவாள் என்று பார்த்தேன், அவள் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள். "போகட்டும்" என்றேன். சரியாகக் கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னேன். வெளியே வந்து சாவியைக் கார்க் கதவில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உங்கம்மாதான் சாவியை வாங்கிக்கொண்டு வீடு வரைக்கும் ஓட்டினாள்.

நேற்று முகாமிலிருந்து போன் வந்தது. துப்பாக்கி இருக்கைக்கு மறுபடியும் நீ, ஸ்டியரிங்குக்கு மறுபடியும் ஃபாரிஸ். இந்நேரம் உனக்குச் சொல்லியிருப்பார்கள். யாரோ மேலே மனம் மாறிவிட்டார்கள் என்று நீ நினைத்திருக்கலாம். இல்லை. நான்தான். நீ போகக்கூடாது என்று பொய் சொன்ன அதே வாயால் நீ போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உன்னை அனுப்பியது ராணுவம் இல்லை, நான். இதோடு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிடுகிறேன், கோவிலுக்குப் போகிறேன், லைட் பில் கட்டுகிறேன், எல்லாவற்றிலும் அது கூடவே இருக்கிறது.

கடிதம் எழுதுகிற அப்பன்மார் கடைசியில் புத்தி சொல்வார்கள். எனக்குச் சொல்ல வரவில்லை. நிச்சயமாகத் தெரியாவிட்டால் அழுத்தாதே, காத்திரு என்று எழுத நினைத்தேன். நீ காத்திருந்த அந்த நேரத்தில் ஃபாரிஸுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அப்படியானால் தயங்காதே, அழுத்து என்று எழுதலாமா? எழுத என் கை வரவில்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரு தாய் நிற்கிறாள். அந்த இருக்கையில் உட்கார்ந்தவனுக்குத்தான் அங்கே என்ன தெரிகிறது என்பது தெரியும், தெப்ராவில் உட்கார்ந்திருக்கிற கிழவன் எதைச் சொன்னாலும் அது பயத்தில் சொன்னதாகத்தான் இருக்கும்.

அதனால் நான் உனக்கு ஒன்றே ஒன்றைத்தான் கொடுக்க முடியும். நீ திரும்பி வா. எப்படி வந்தாலும் வா. அங்கே என்ன நடந்தது என்று ஊரில் நூறு பேர் கேட்பார்கள், பதக்கத்தைக் காட்டு என்பார்கள், நான் கேட்க மாட்டேன். ஆனால் என்றைக்காவது ஒருநாள், அது எத்தனை வருடம் கழித்து என்றாலும், நீயாக வந்து உட்கார்ந்து, "அப்பா, அன்னிக்கு நான் ஒண்ணு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தாயானால், வுடுடா என்று சொல்லி உன் வாயை அடைக்க மாட்டேன். அறையை விட்டு எழுந்து போக மாட்டேன். பயந்துகொண்டேதான் இருப்பேன், தம்பி. ஆனால் நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பேன்.

அப்பா